தினமும் இருபது நிமிடம்



நான் மிருதங்கம் வாசிப்பவன். பம்பாயில் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது மாலை நேரத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். உங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்கள்.

உங்களில் சிலர் பஜனையில் பாடுகிறீர்கள். சிலர் டோலக் வாசிக்கிறீர்கள். சிலர் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். அதனால் சாதகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாதகம் என்றால் தினமும் செய்யும் பயிற்சி.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 22 வயது. பட்டறையில் நிறைய வேலை. இரண்டு மாதம் மிருதங்கத்தைத் தொடவே இல்லை. திடீரென்று ஒரு திருவிழாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். 10 நாள்தான் இருந்தது. விட்டதை எல்லாம் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். தினமும் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் வாசித்தேன்.

ஐந்தாம் நாள் மணிக்கட்டு வலித்தது. வலித்தால்தான் கை பழகும் என்று நானே சொல்லிக்கொண்டேன். துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தேன். எட்டாம் நாள் கை வீங்கிவிட்டது. கையை ஆட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

திருவிழா போனது. அது போகட்டும். எனக்கு ஊசி பிடிக்க முடியவில்லை. ஆறு வாரம் கூலி இல்லை. என் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிருதங்கத்தை மட்டும் பரண் மேலே தூக்கி வைத்தாள்.

நம் கை வாத்தியத்துக்கு மட்டும் உள்ள கை அல்ல. அந்தக் கைதான் தைக்கிறது. மூட்டை தூக்குகிறது. மாவு பிசைகிறது. அந்தக் கையைக் கெடுத்துக்கொண்டு எந்தப் பாட்டும் வேண்டாம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு விரல் நுனி எரியும். தோல் கொஞ்சம் சிவக்கும். அது வழக்கம்தான். சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் மணிக்கட்டு வலித்தாலோ, முழங்கை வலித்தாலோ, விரல் மரத்துப் போனாலோ, உடனே நிறுத்துங்கள். ஓய்வு கொடுங்கள். ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். துணி சுற்ற வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு நேரம் வாசிக்கலாம்? தினமும் 20 நிமிடம் போதும். பத்து நிமிடம் வாசியுங்கள். கையைக் கீழே தொங்கவிட்டு, விரலை மடக்கி நீட்டுங்கள். பிறகு பத்து நிமிடம். பலர் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அடிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பாதி மறந்துவிடும். வலி மட்டும் மறக்காது.

இந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். நமக்கு நன்றாக வந்த பாடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். காதுக்கு இனிமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் நாம் ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கே தப்பு வருகிறதோ, அங்கே நில்லுங்கள். மிருதங்கத்தில் முதல் பாடம் "தா, தீ, தொம், நம்". பலருக்கு "நம்" சரியாக வராது. மணி போல ஒலிக்க வேண்டிய இடத்தில் பலகையைத் தட்டியது போலக் கேட்கும். நான்கு சொல்லையும் நூறு முறை வாசித்தாலும் அது மாறாது. "நம்" மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள். மோதிர விரல் தோலை அழுத்திக்கொண்டு இருக்கும். அந்த விரல் இலேசாகத் தொட்டால் போதும். தப்பு அந்த ஒரு விரலில்தான் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க மெதுவாக வாசிக்க வேண்டும். முதல் காலம் மெதுவானது. இரண்டாம் காலம் அதைப் போல இரண்டு மடங்கு வேகம். மூன்றாம் காலம் நான்கு மடங்கு. எல்லோருக்கும் மூன்றாம் காலத்தின் மேல்தான் கண். முதல் காலத்தில் ஒளிந்திருக்கும் தப்பு, மூன்றாம் காலத்தில் நான்கு மடங்காக வெளியே வரும்.

"வீட்டில் வாசிக்க இடம் இல்லையே" என்று கேட்பீர்கள். உண்மைதான். பத்துக்குப் பத்து அறை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. இரவு வேலைக்குப் போனவர் பகலில் படுத்திருக்கிறார். அப்போது வாயால் சொல்லுங்கள்.

ஜாகிர் உசேன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பெரிய தபேலாக் கலைஞர். 1951-ல் நம் தாராவிக்குப் பக்கத்தில் மாகிமில் பிறந்தார். 2024 டிசம்பரில் காலமானார். அவருடைய அப்பா அல்லா ரக்கா. அவரும் பெரிய தபேலாக் கலைஞர். ஜாகிர் உசேன் சிறுவனாக இருந்தபோது, அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிப் பாடம் சொல்வார். தபேலாவை அடிப்பதற்கு முன்னால் சொற்களை வாயால் சொல்லிப் பழகுவார்கள். ஜாகிர் உசேனே இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களும் மூன்று மணிக்கு எழுந்துவிடாதீர்கள்! அவர் அப்போது சிறு பையன். உங்களைப் போல பகல் முழுதும் மூட்டை தூக்கவில்லை. உங்களுக்குத் தூக்கம் வேண்டும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வாயால் சொல்லும் பழக்கம். அதற்கு வாத்தியம் வேண்டாம், இடம் வேண்டாம், காசும் வேண்டாம். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது சொல்லலாம். ரயிலில் போகும்போது மனதுக்குள் சொல்லலாம். வாய்க்கு வந்தது கைக்கு வரும்.

பாடுகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கத்திப் பாடினால் குரல் வளராது. புண்ணாகும். உங்களுக்கு எந்தச் சுருதி சுகமாக இருக்கிறதோ, அதில் பாடுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். தொண்டை கட்டியிருந்தால் பாட வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

என் வகுப்புக்கு ஒரு அக்கா வந்தார். 45 வயது இருக்கும். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில் வந்து உட்கார்ந்தார். கணக்கு அவருக்கு நன்றாக வந்தது. ஆனால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒரு நாள் நான், "அக்கா, இது பாத்திரம் இல்லை, மெதுவாக" என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். "வேலை இருக்கு தம்பி" என்றார். தேநீர் கொடுத்தார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. மெதுவாக அடித்தால் விரலுக்குத் தோல் தெரியவில்லை. அதனால்தான் ஓங்கி அடித்தார். இரண்டு மாதம் எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவர் கையைப் பார்க்கவில்லை.

இப்போது யார் புதிதாக வந்தாலும் முதலில் கையைப் பார்க்கிறேன். வெடிப்பு இருந்தால் இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறேன். அது ஆறும் வரை தொடையில் தட்டிப் பழகச் சொல்கிறேன். வகுப்பில் யாராவது தப்பாக வாசித்தால் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. நானும்தான்.

அந்த அக்கா இன்னும் வரவில்லை. அதே தெருவில்தான் இருக்கிறார். போன மாதம் அவர் வாசலைத் தாண்டிப் போனேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு "தகதிமி" சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். கணக்கு ஓரிடத்திலும் தப்பவில்லை.

சரி. நேரம் ஆகிவிட்டது. எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர்த்துங்கள். ஆதி தாளம் போடுவோம். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணுங்கள். அது நான்கு. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு.

மெதுவாக. என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். தா... தீ... தொம்... நம்...