மூன்று பெயர்கள், நான்கு பொருள்கள்

3 பெருக்கல் 4 கூட்டல் 5 என்றால் 17 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஏபிஎல் என்ற நிரல்மொழியோ 27 என்று சொல்லும். 4-ஐயும் 5-ஐயும் கூட்டிய பிறகுதான் அது 3-ஆல் பெருக்குகிறது. கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலில் வேர்விட்ட மொழி இது. எண்களைத் தனித்தனியாகத் தொடாமல், ஒரு பட்டியலையோ அட்டவணையையோ ஒரே குறியால் கையாளும். இதில் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் மூப்பு இளமை கிடையாது. அடைப்புக்குறி இல்லாவிட்டால், ஒவ்வொரு சார்பும், அதாவது கூட்டல், பெருக்கல் போன்ற ஒவ்வொரு செயலும், தன் வலப்புறத்தில் உள்ள அனைத்தின் விடையையும் எடுத்துக்கொள்ளும். பள்ளியில் படித்ததற்கு இது முரணாயிற்றே என்பது பழைய ஆட்சேபம். நான்கு குறிகளோடு நின்றால் பள்ளி விதி போதும். இங்கே பெரியதைத் தேர்வது, மீதி காண்பது, பட்டியலைச் சுழற்றுவது என்று பல பத்துக் குறிகள் உள்ளன. அத்தனைக்கும் வரிசைமுறை வகுத்தால் யாருக்கு நினைவிருக்கும்? இந்த விதியால் ஓர் அழகும் கிடைக்கிறது. 5, 3, 1 என்ற எண்களுக்கு இடையே கழித்தல் குறியை நிரப்பச் சொன்னால், 3-இலிருந்து 1 போய் 2, 5-இலிருந்து 2 போய் 3. கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடரின் கூட்டுத்தொகை அதுவே. கணிதத்தில் அடிக்கடி தேவைப்படும் இது, இங்கே இரண்டே குறிகளில் முடிகிறது.

ஆக, ஒரு வரியின் அமைப்பு அந்த வரியிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் இந்த இலக்கணத்தின் உயிர். அந்த உயிருக்கு ஏபிஎல்லே ஓரிடத்தில் ஊறு செய்தது என்பது என் வாதம். ‘விலை வரி தொகை’ என்று மூன்று பெயர்களை மட்டும் எழுதிப் பாருங்கள். மூன்றும் எண்களானால், பின்னாளைய ஏபிஎல்களில் அது மூன்று உறுப்புள்ள பட்டியல். நடுவில் உள்ளது மட்டும் சார்பானால், அது இருபுறத்து எண்கள்மீதும் வேலை செய்யும். முதல் இரண்டும் சார்புகளானால், ஒன்றன் விடைமேல் மற்றொன்று. 1989-இல் ஐவர்சனும் யூஜின் மெக்டானலும் நான்காவது பொருளை முன்மொழிந்தார்கள். மூன்றும் சார்புகளானால், ஓரங்களில் உள்ள இரண்டும் தனித்தனியே கணக்கிட, நடுவில் உள்ளது அவற்றை இணைக்கும். கூட்டு, வகு, எண்ணு என்று அடுத்தடுத்து எழுதினால் சராசரி வந்துவிடும்! அதுவரை பிழை என்று தள்ளப்பட்ட வரிக்குப் பொருள் கொடுத்த, பழைய நிரல் எதையும் கெடுக்காத அருமையான யோசனை. ஆனால் பெயர்களைப் பார்த்து அமைப்பைக் கண்டுகொள்வது அதனால் இன்னும் கடினமாயிற்று. எழுதியவருக்குத் தெரியாதா என்பார்கள். எழுதியவருக்குத் தெரியும், பிறகு அதைத் திருத்த வருபவருக்கு? பெயரின் வகை நிரல் ஓடும்போது மாறலாம் என்பதால், கணினியால்கூட முன்கூட்டியே வரியைப் பிரித்துவிட முடிவதில்லை.

ஏபிஎல் மரபில் 2020-இல் வந்த பிக்யூஎன் மொழி இந்தக் குழப்பத்தை எழுத்துமுறையால் தீர்த்தது. பெயர் சிறிய எழுத்தில் தொடங்கினால் மதிப்பு, பெரிய எழுத்தில் தொடங்கினால் சார்பு; பட்டியலாகக் கோப்பதற்குத் தனிக் குறி. தமிழில் பெரிய எழுத்து ஏது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. சார்புகளை மாற்றியமைக்கும் கருவிகளுக்கு அதே மொழி பெயரின் முன்னால் அடிக்கோடு இடுகிறது. அப்படியொரு அடையாளம் எந்த லிபிக்கும் பொருந்தும். இலக்கணத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பும் இளைஞர்களே, அதனால் எத்தனை எழுத்து மிச்சம் என்று எண்ணுவதற்கு முன், மூன்று பெயர்களை எழுதி அறிமுகமில்லாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அவரால் அமைப்பைச் சொல்ல முடியாவிட்டால், அந்த யோசனை இன்னும் முடியவில்லை.