அவசரமில்லாத சாலை
(நம் சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கைப்பேசி விளையாட்டுகள்: நன்மையா, தீமையா?' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். பட்டிமன்றத் தலைப்பு. ஆனால் நடுவர் இல்லை. அதனால் இரண்டு கட்சியிலும் சேராமல், ஒரே ஒரு வகை விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் துப்பாக்கிச் சண்டை இல்லை, பந்தயம் இல்லை. வண்டி ஓட்டுவது, அதுவும் அவசரமில்லாமல் ஓட்டுவது, அவ்வளவுதான். லிஃப்ட் வாசலில் நிற்கும் பிள்ளைகள் போனை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இதுதான்.

'ஓப்பன் வேர்ல்டு' என்று இதற்குப் பெயர். ஊர் முழுவதும் திறந்து கிடக்கும். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிடித்த இடத்தில் திரும்பலாம், நிறுத்தலாம், வந்த வழியே போகலாம்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் ஆடுவது 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'. ஒருநாள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. "எந்த ஊருக்குடா போறே?" என்றேன். "எந்த ஊருக்கும் இல்ல தாத்தா, சும்மா ஓட்டறேன்" என்றான். முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு 'சும்மா' என்ற சொல் புரியக் கொஞ்சம் நேரமாகும். சாயங்காலம் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம் அது. அதனால் இதில் என்னதான் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

இதைச் செய்தது மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம். 2017-இல் வெளிவந்தது. இதுவரை 10 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்கம் ஆகியிருக்கிறது. இந்தோனேசிய பஸ் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? எனக்குத் தெரிந்த வரையில் மூன்று காரணங்கள்.

முதலாவது, அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான் போகின்றன, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஜாவா தீவின் சாலையும் நமக்கு அந்நியமில்லை. தென்னை, நெல்வயல், பெட்டிக்கடை, கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிள். கும்பகோணம் சாலையில் போவது மாதிரியே இருக்கும்.

இரண்டாவது, பஸ்ஸுக்கு நாமே வண்ணம் தீட்டலாம். அதற்கு 'லிவரி' என்று பெயர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள இளைஞர்கள் நம் அரசுப் பேருந்துகள், தனியார் பேருந்துகளின் வண்ணங்களைப் பொறுமையாக வரைந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அதை ஏற்றிக்கொண்டால் ஜாவா சாலையில் நம் ஊர் பஸ் ஓடும். அப்படி வரையும் பையன்களை 'எப்பப் பாரு போன்' என்று திட்டுவதற்கு முன்னால், வரைந்ததை ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, ஹாரன். இந்தோனேசியாவில் பிள்ளைகள் சாலையோரம் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து 'ஓம் தெலோலெத் ஓம்' என்று கத்துவார்கள். 'ஓம்' என்றால் மாமா. 'தெலோலெத்' என்பது அந்த ஊர் பஸ் ஹாரனின் சத்தம். அதாவது, 'மாமா, ஹாரன் அடிங்க மாமா!' ஓட்டுநர் அடித்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2016 டிசம்பரில் இந்த வாசகம் உலகம் முழுவதும் பரவியது. அந்த ஹாரனும் விளையாட்டில் இருக்கிறது. நம்மில் யார் சின்ன வயதில் பஸ்ஸுக்குக் கை காட்டாமல் இருந்தோம்?

சரி, போய்ச் சேர இடமில்லாமல் ஓட்டுவதில் என்ன சுகம்? இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1995-இல் அமெரிக்காவில் பென், டெல்லர் என்ற இரண்டு மேஜிக் கலைஞர்களுக்காக 'டெஸர்ட் பஸ்' என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். டூசான் நகரத்திலிருந்து லாஸ் வேகஸுக்குப் பாலைவனத்தில் பஸ் ஓட்ட வேண்டும். நிஜத்தில் ஆகிற மாதிரியே எட்டு மணி நேரம். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பஸ் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுக்கும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு மதிப்பெண். எவ்வளவு சலிப்பாகச் செய்ய முடியும் என்று கேலிக்காகச் செய்தது. அப்போது அது கடைக்கு வரவேயில்லை. ஆனால் 2007 முதல் கனடாவில் ஒரு குழு அதையே வருடந்தோறும் நாள்கணக்கில் ஓட்டி, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. கேலிக்குச் செய்த சாலையிலும் மனிதர்கள் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார்கள்!

காரணம் சிரமமானதல்ல. நம் வீட்டுப் பெண்கள் பூக்கட்டும்போது பார்த்திருப்பீர்கள். கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது, மனம் மட்டும் இளைப்பாறுகிறது. அவசரமில்லாமல் வண்டி ஓட்டுவதும் அந்த வகைதான். தோற்பதற்கு ஒன்றுமில்லை. யாரும் முந்தப் போவதில்லை. காலையிலிருந்து ரேங்க், டெஸ்ட், மதிப்பெண் என்று ஓடுகிற பிள்ளைக்கு அது ஒரு நிழல்.

இன்னொரு காரணத்தை நானே ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எதிரே வரும் வெளிச்சம் கூசுகிறது என்று ஸ்கூட்டரை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆட்டோ இருக்கிறது, மகன் கார் இருக்கிறது, எங்கும் போக முடியாமல் இல்லை. ஆனால் அந்த விளையாட்டில் ஒரு பிரிவுச் சாலை வந்தபோது, யாரையும் கேட்காமல் இடப்பக்கம் திரும்பினேன். இந்த இரண்டு வருடமாக எனக்குக் குறைந்தது எது என்று அப்போதுதான் விளங்கியது. போகிற இடம் குறையவில்லை, எந்தப் பக்கம் திரும்புவது என்று நானே தீர்மானிப்பதுதான் குறைந்துபோனது.

நம் பிள்ளைகளை இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு ஆட்டோ, வெளியே போனால் அப்பாவின் கார். நாள் முழுவதும் அவர்கள் பயணிகள். ஒரு திருப்பத்தைக்கூடத் தானாக எடுக்க வாய்ப்பில்லை. அது கிடைக்கிற ஒரே இடம் அந்த ஆறு அங்குலத் திரை.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இலவச விளையாட்டுகளில் விளம்பரமும், காசு கொடுத்து வாங்கச் சொல்லும் பொத்தான்களும் வரும். வங்கி விவரம் சேமித்து வைத்த போனைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், திரையில் ஓட்டத் தெரிந்தவனுக்குச் சாலையில் ஓட்டத் தெரியாது. திரையில் மோதினால் வலி கிடையாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 'பார்க்கிங்கில்தானே ஓட்டுகிறான்' என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நம் வளாகத்து விஷயம். நம் பிளாக்குகளைச் சுற்றி நல்ல சாலை இருக்கிறது. போன வருடம் ஒரு கார் பின்னால் எடுக்கும்போது ஒரு குழந்தையின் சைக்கிள் மீது இடித்துவிட்டது. தெய்வாதீனமாகக் குழந்தைக்கு அடியில்லை. மறுநாளே 'உள்சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது' என்று பலகை வைத்தோம். பயந்து செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் இடித்தது கார், தடை சைக்கிளுக்கு. சைக்கிளை வாங்கி வைத்துவிட்டு, 'எந்நேரமும் போனில் பஸ் ஓட்டுகிறான்' என்று நாமே அலுத்துக்கொண்டால் கணக்கு நேராகுமா?

அதனால் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு மணி வரை உள்சாலையில் கார், பைக் ஓடக் கூடாது. சாலை சைக்கிளுக்கு. ஆம்புலன்ஸ், அவசர வேலை என்றால் தடையில்லை. அந்த நேரத்தில் வெளியே போக வேண்டியவர்கள் சனிக்கிழமை இரவே வாசல் பக்கம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். நான்கு திருப்பங்களிலும் பெரியவர்கள் நாலு பேர் விசிலோடு உட்கார வேண்டும். பி பிளாக் திருப்பத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் மூன்று பேர் வேண்டும். நாற்காலியும் ஃபில்டர் காபியும் என் பொறுப்பு. மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பலகை இருக்கவே இருக்கிறது.

தீர்மானத்தில் கையெழுத்துப் போட நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.