ஆபு மலையில் ஓர் இரவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது என் தொழில். மேடை ஏறிப் பழக்கமில்லை. "ஆபு மலையில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் விடாப்பிடியாக நின்றமையால் உங்கள் முன் நிற்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் ஆபு மலையைப் பார்த்தவர்களே. ஆபு ரோடு நிலையத்தில் இறங்குவோம், ரப்டியைச் சுவைப்போம், 28 கிலோமீட்டர் பஸ்ஸில் ஏறுவோம், நக்கி ஏரியில் படகு விடுவோம், தில்வாடாக் கோயில்களின் பளிங்கு வேலைப்பாட்டைக் கண்டு வாய் பிளந்து நிற்போம், பொழுது சாயுமுன் இறங்கிவிடுவோம். மூன்று முறை நானும் அவ்வாறே செய்தேன். மலையைப் பார்த்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டேன். சென்ற ஜனவரியில் நண்பர்கள் அறுவரும், பதினொரு வயதான என் மகனும், நானுமாக, வனத்துறையின் அனுமதி பெற்றுக் கால்நடையாகச் சென்றபோதுதான் என் அறியாமை புலப்பட்டது.

ஆபு மலை கருங்கல் மலை. பூமியின் ஆழத்தில் கொதித்து உருகிய குழம்பு, 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிக் கல்லாயிற்று. மேலே மூடியிருந்தவை கரைந்து போகப் போக, அக்கல் வெளியே தலை காட்டியது. வெயிலும் மழையும் அதன் வெடிப்புகளில் புகுந்து மூலைகளைத் தின்றுவிட்டதால், எங்கு நோக்கினும் உருண்டைப் பாறைகள். யாரோ அடுக்கி வைத்தவை போல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஏரிக்கரையில் தவளை வடிவில் நிற்கும் பாறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய பாறைகளின் இடுக்குகளே கரடிக்கும் சிறுத்தைக்கும் வீடு. ஆரவல்லித் தொடரின் உச்சியான குரு சிகரம், 1722 மீட்டர், இம்மலையில்தான் இருக்கிறது. அதன் சரிவுகளில் நடக்கும்போது, கால் வைக்கும் ஒவ்வொரு பாறைக்கடியிலும் யாரோ குடியிருக்கிறார்கள் என்ற நினைவு வந்துகொண்டே இருந்தது.

முன்னாளில் சிங்கமும் இங்கே குடியிருந்தது. 1872ஆம் ஆண்டுக்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. புலியும் 1970ஆம் ஆண்டோடு போயிற்று. 1960ஆம் ஆண்டில் இக்காடு சரணாலயமாயிற்று. ஆயினும் புலியை நிறுத்திவைக்க இயலவில்லை.

முதல் நாள் காலையில் புதரிலிருந்து ஒரு கூவல் கேட்டது. எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் ஊர் மலையடிவாரத்தில் சிறு வயதில் நான் கேட்ட காட்டுக்கோழியின் குரல் அது! சாம்பல் நிறமும், கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்தாற்போன்ற இறகுகளும் உடைய நம் தென்னாட்டுக் கோழியேதான். அவ்வினம் வடக்கே பரவி வாழும் எல்லை ஏறக்குறைய இந்த ஆபு மலை. மாற்றல் உத்தரவு ஏதுமின்றி நமக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய அந்தத் தமிழரைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதைச் செயற்குழு ஆராயட்டும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் கராசியா பழங்குடியைச் சேர்ந்த ஒரு முதியவர். 'காகா' என்று அழைத்தோம். அவர் இரண்டே கட்டளைகள் இட்டார். ஒன்று, தீ மூட்டக்கூடாது. 2017 ஏப்ரலில் இம்மலை பற்றியெரிந்தபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நக்கி ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்ற நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. மற்றொன்று, தின்றது போக ஒரு பருக்கையும் வெளியே இருக்கக்கூடாது. கட்டிக் கொடுத்தால் தாமே எடுத்துச் சென்று, தொலைவில் நிற்கும் வண்டியில் பூட்டிவிடுவதாகச் சொன்னார்.

அடுப்பு இல்லாமையால் வீட்டிலிருந்து புளியோதரையும் வாழைப்பழமும் எள்ளுருண்டையும் கொண்டு சென்றிருந்தோம். இருட்டியபின் உண்டோம். குளிர் எலும்பைத் துளைத்தது. மிச்சப் பொட்டலங்களை நான்தான் கட்ட வேண்டியிருந்தது. கட்டினேன், ஆனால் காகாவைத் தேடிச் சென்று கொடுக்கச் சோம்பல். கூடாரத்தின் பின்னே ஒரு பாறை இடுக்கில் செருகி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நள்ளிரவுக்குப் பின் என் மகன் சிறுநீர் கழிக்க வெளியே போனான். போனவன் குரல் கொடுக்கவில்லை. எழுந்து விளக்கை அடித்தேன். பிள்ளை பாறையோடு பாறையாக நின்றிருந்தான். அவனுக்கு அப்பால் பத்தடி தொலைவில், நான் வைத்த கல் உருண்டு கிடக்க, ஒரு பெரிய கரடி புளியோதரை இலையை நக்கிக்கொண்டிருந்தது. மார்பில் வெள்ளைப் பிறைக்குறி தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காகா எங்கிருந்தோ வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை, உரத்த, ஆனால் நிதானமான குரலில் பேசிக்கொண்டே பையனைத் தம் முதுகுப்புறம் இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். கரடி எங்களை ஒருமுறை பார்த்தது. இலையைக் கவ்விக்கொண்டு இருளில் மறைந்தது.

என் சோற்றுக்காகப் படைக்கப்பட்ட பிராணி அன்று அது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி இழுக்கிறது. மண் ஏறாதபடி மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் வல்லது. இலந்தை, நாவல், களா, ஈச்சம்பழம் என்று பருவத்துக்கு ஒன்றாக மலையே அதற்குப் படியளக்கிறது. அப்படியிருந்தும் இன்று ஆபு நகரத்துக் குப்பைத் தொட்டிகளுக்கு இரவில் கரடிகள் வருகின்றன.

விடியும்வரை ஒருவரும் உறங்கவில்லை. நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். காகா கோபிக்கவில்லை. "பாபுஜி, காட்டுக் கரடி மனித வாடை கண்டால் விலகிப் போகும். சோறு கண்ட கரடி அந்த வாடையைத் தேடி வரும். இன்று உங்கள் பிள்ளை தப்பினான். அடுத்த மாதம் விறகு பொறுக்க வருபவள் என் பேத்தி" என்றார். அதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல முடியும்?

காலையில் கூடாரத்தைச் சுற்றிலும், வந்த வழி நெடுகிலும், நாங்கள் போட்டவற்றையும் பிறர் போட்டவற்றையும் பொறுக்கினோம். என் மகன் ஒரு சொல்லும் பேசாமல் முன்னே நடந்து பொறுக்கினான். ஊர் திரும்பியதும், தொழில் பழக்கம் விடவில்லை, அந்த மூட்டையை என் தராசில் ஏற்றினேன். 9 கிலோ 400 கிராம்.

வரும் ஜனவரியில் மீண்டும் போகிறோம். அதே காகா வருவதாக இசைந்திருக்கிறார். வர விரும்பும் அன்பர்கள் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். ஆளுக்கொரு மூடியுள்ள டப்பாவும் ஒரு சாக்குப் பையும் கொண்டுவர வேண்டும். புளியோதரை மட்டும் வேண்டாம்.