பீடித் தொழிலாளியின் பெயரால்…

(நாமக்கல்லில் லாரிப் பட்டறைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வருகிற வழியில் ஒரு சிகரெட் பெட்டி வாங்கி வந்தேன். பிடிப்பதற்கல்ல; நான் விட்டு வருஷங்களாகின்றன. பெட்டியை எல்லோரும் பாருங்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இடத்தை எச்சரிக்கையும் அழுகிப்போன உறுப்பின் படமும் அடைத்துக் கொண்டிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் விளங்கும். இந்தப் படம் இந்தப் பெட்டியின் மேல் ஏற எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமா?

புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் 2003ல் வந்தது. படம் போட விதி 2006ல் வந்தது. அதில் மண்டை ஓடும் எலும்பும் கூட இருந்தன; பிறகு அந்தக் கட்டாயம் நீங்கியது. தேதி தள்ளித் தள்ளி, 2009 மே 31ந் தேதிதான் முதல் படம் வந்தது. அதுவும் முன்பக்கத்தில் மட்டும், நூற்றுக்கு நாற்பது பங்கு. 2014 அக்டோபரில் சர்க்கார் எண்பத்தைந்து என்று அறிவித்தது. 2015 ஏப்ரல் முதல் தேதி அமலாக வேண்டும். அதற்குள் என்ன நடந்தது?

பார்லிமெண்டில் துணைச் சட்டங்களைப் பரிசீலிக்கும் கமிட்டி ஒன்று உண்டு. பத்திரிகைகள் அதிகம் கவனிக்காத கமிட்டி. அது உட்கார்ந்து, விதியை நிறுத்தி வையுங்கள் என்றது. தலைவர் திலீப் காந்தி. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதெல்லாம் அன்னிய நாட்டு ஆராய்ச்சி, இந்திய ஆராய்ச்சி எங்கே என்று கேட்டார். அதே கமிட்டியின் அங்கத்தினர் சியாம சரண் குப்தா, அலகாபாத் எம்.பி. அவருடைய தொழில் என்ன? பீடித் தொழில்! பீடி விதியைப் பரிசீலிக்கிற கமிட்டியில் பீடி முதலாளி! கோழிப்பண்ணைக்குக் காவல் போட நரியைக் கூப்பிட்டால் நம் நாமக்கல் பண்ணைக்காரர் சும்மா இருப்பாரா?

இந்திய ஆராய்ச்சி எங்கே என்றார்களே, நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. டாக்டர் கஜலட்சுமியும் அவரைச் சேர்ந்தவர்களும் சென்னையிலும் கிராமப்புறத்திலும் வீடு வீடாக விசாரித்து, இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தைச் சேகரித்தார்கள். 2003ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. காசநோயில் செத்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்பது அதன் முடிவு. கிராமத்தான் பிடித்தது பெரும்பாலும் பீடி. இது வெளிவந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்திய ஆராய்ச்சியே இல்லை என்று டில்லியில் பேசுகிறார்கள்!

2016 மார்ச்சில் அந்தக் கமிட்டி, ஐம்பது பங்கு போதும் என்று சிபாரிசு செய்தது. ஆனால் டாக்டர்களும் மக்களும் எழுப்பிய கூச்சலும் ராஜஸ்தான் ஐகோர்ட் வழக்கும் வீண் போகவில்லை. 2016 ஏப்ரல் முதல் தேதி எண்பத்தைந்து அமலுக்கு வந்தது. உடனே பெரிய சிகரெட் கம்பெனிகள் விதி தெளிவாக இல்லை என்று சொல்லி ஆலைகளை மூடின. தொழிலாளி மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தால் தேசத்துரோகம். முதலாளி கதவடைத்தால் அது 'விளக்கம் கோருதல்'! 2017 டிசம்பரில் கர்நாடக ஐகோர்ட் விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அதனால்தான் இந்தப் படம் இன்று உங்கள் கையில் இருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வித்தையல்ல. அமெரிக்காவில் ஊர் நகரசபைகள் புகைக்குத் தடை போட ஆரம்பித்தபோது, கம்பெனிகள் மாகாணச் சட்டசபைக்குப் போயின. பெயருக்கு ஒரு மெலிந்த சட்டம். அதற்குள் ஒரே ஒரு ஷரத்து: எந்த நகரசபையும் இதைவிடக் கடுமையாக விதி செய்யக்கூடாது. வெளியே பார்த்தால் புகை தடுப்புச் சட்டம், உள்ளே பார்த்தால் கம்பெனிக்குக் கவசம். மேரிலாந்து மாகாணத்தில் செனட்டராக இருந்து பிறகு கம்பெனிகளுக்காகச் சட்டசபைத் தாழ்வாரத்தில் சிபாரிசு செய்து பிழைத்தவர் விக்டர் கிராஃபோர்டு. அவருக்கே தொண்டைப் புற்று வந்தது. 1995ல் டெலிவிஷனில் தோன்றி, தான் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார். மறு வருஷம் இறந்தார்.

நம் சட்டசபை சங்கதி என்ன? குட்காவுக்கு 2001ல் தடை போட்டார்கள். 2004ல் சுப்ரீம் கோர்ட்டில் அந்தத் தடை செல்லவில்லை. 2013ல் மறுபடி தடை. 2017 ஜூலையில், தடை செய்த சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட எதிர்க்கட்சி அங்கத்தினர்கள் பொட்டலத்தைச் சபைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பொட்டலம் விற்றவன் மேல் பாய்வதற்கு முன் காட்டியவர்கள் மேல் உரிமை மீறல் நோட்டீஸ் பாய்ந்தது! 2020ல் அதை ஐகோர்ட் ரத்து செய்தது. மாமூல் புகாரை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று 2018ல் ஐகோர்ட் உத்தரவிட்டது. யார் வாங்கினார், எவ்வளவு என்பதை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. அது கோர்ட்டின் வேலை. பெங்களூர் ரோட்டில் இரவெல்லாம் ஓட்டுகிற தோழர்களுக்குச் சரக்கு எந்த வழியாக வருகிறது என்று தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டுப்பாடு என்று பேச்செடுத்தால் முதலாளிமார் முன்னே நிறுத்துவது யாரை? பீடி சுற்றுகிற பெண்ணை. 'ஐயோ, அவள் பிழைப்பு போய்விடும்!' என்ன கருணை! இவர்களுடைய பழைய கணக்கைப் புரட்டுவோம். வேலை நேரம், லீவு, பிரசவ விடுப்பு, சுற்றிய பீடியைக் காரணமின்றிக் கழித்துத் தள்ளுவதற்குத் தடை — இவற்றுக்காக 1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை போனவர்கள் இதே முதலாளிமார். 1974ல்தான் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1968ல் கேரளத்தில் சட்டத்தை அமல் நடத்த முனைந்ததும், கண்ணூரில் பெரிய கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அன்று அவள் பிழைப்பு ஞாபகம் வரவில்லையே!

நின்றவர்கள் 1969ல் தினேஷ் பீடி கூட்டுறவை ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் பீடி விற்பனை குறைந்தபோது அந்தக் கூட்டுறவு அழுதுகொண்டு உட்காரவில்லை; உணவுப் பொருள், குடை, தைத்த துணி என்று வேறு தொழிலில் இறங்கியது. ஆகவே, பீடி குறைந்தால் பட்டினிதான் என்பது முதலாளி சொல்லும் கணக்கு. மாற்று வேலை கொடு என்பதே தொழிலாளி கேட்க வேண்டியது. இதை நம் சங்கங்களிலும் சில தோழர்கள் குழப்பிக் கொள்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

2021 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஒரு சட்டத்திருத்த வரைவைப் பொதுமக்கள் அபிப்ராயத்திற்கு விட்டது. சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கக்கூடாது, இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்பன அதில் இருந்தன. அந்தச் சமயம் ராசிபுரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெட்டிக்கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். அழகாக டைப் அடித்த ஆட்சேப மனு. கையெழுத்து இடம் மட்டும் காலி. சரக்குப் போடுகிறவர் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"தோழரே, போட்டுடட்டுங்களா? போடலீன்னா கண்ணாடிப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒற்றை சிகரெட் விற்றுத்தான் அவர் அரிசி வாங்குகிறார். 'போடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடலாம். நாளை கடை திறப்பவர் அவர். "மனுவில் உங்கள் கஷ்டம் ஒரு வரி இருக்கிறதா, படித்துப் பாருங்கள்" என்றேன். இரண்டு பேரும் கூடிப் படித்தோம். இல்லை. கடைக்காரருக்கு நஷ்டஈடு, கடன் வசதி, எதுவும் இல்லை. பின்பக்கத்தில் அவரே பேனாவை எடுத்து, 'வேறு வியாபாரம் செய்ய பாங்கில் கடன் வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளை வாங்க வந்த ஆள் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தாராம்.

இரவு வண்டி எடுக்க வேண்டிய தோழர்கள் இருக்கிறீர்கள். இத்துடன் நிறுத்துகிறேன், கேள்வி இருந்தால் கேளுங்கள்.