காந்தளை வளர்ப்போம், கவனமாக வளர்ப்போம்



வீட்டைச் சுற்றிக் காய்கறியும் பூவும் பயிரிடுவது தோட்டத்து மக்களின் நெடுநாள் வழக்கம். வேலியோரத்திற்கு அழகூட்டும் ஒரு காட்டுக் கொடியைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். அதுவே காந்தள். கார்த்திகைப்பூ என்றும் இதனை அழைப்பர்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதலில் நிற்பது காந்தளே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. எனினும் இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் தானே முளைத்துப் படரும் கொடி இது. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் ஆறு இதழ்களும் நாளடைவில் நெருப்பெனச் சிவக்கும்.

நம் நாட்டில் மழைக்குக் குறைவில்லை. காந்தளுக்கு ஈரம் வேண்டும். ஆனால் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே ஈரமான தோட்ட மண்ணில் ஓர் அடி உயரத்திற்கு மேடு எழுப்புங்கள். அதில் மணலும் மட்கிய இலைக்குப்பையும் கலந்து, நீர் வடிய வழி செய்யுங்கள். நல்ல வெயில் படும் இடமே ஏற்றது. அடர்ந்த ரப்பர் நிழல் ஆகாது.

கிழங்கை 2 முதல் 3 அங்குல ஆழத்தில் படுக்கை வாக்கில் நடுங்கள். முளை அதன் முனையில் இருப்பதால், முனை ஒடியாமல் கையாள வேண்டும். கொடி ஏறுவதற்கு 6 அடிக் கம்பு நட்டால் போதும். பூத்து ஓய்ந்தபின் கொடி காய்ந்துவிடும். அது பட்டுப்போயிற்று என்று பறித்தெறிய வேண்டா; கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. நீர் ஊற்றுவதை நிறுத்தினால், மீண்டும் தளிர்க்கும்.

இனி, மிக முக்கியமான செய்தி. காந்தள் முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கலப்பை போன்ற வடிவத்தால் கலப்பைக்கிழங்கு எனப்படும் இதனை, உண்ணும் கிழங்கென்று எண்ணிச் சமைத்து உயிரிழந்தோர் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. ஆதலால் மரவள்ளி, சர்க்கரைவள்ளிப் பாத்திகளுக்கு அருகில் இதனை நடவே கூடாது. சிறு குழந்தைகள் விளையாடும் இடத்திலும், ஆடுமாடு மேயும் இடத்திலும் வேண்டா. தோண்டும்போது கையுறை அணியுங்கள்.

இதன் விதையிலிருந்து கீல்வாத மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மையே. மருந்துத் தொழிற்சாலையில் அளவறிந்து பிரித்தெடுப்பது வேறு. வீட்டில் அரைத்துக் கொடுப்பது வேறு. யாரேனும் தின்றுவிட்டால், வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராதீர்கள், கைவைத்தியமும் செய்யாதீர்கள். தின்ற கிழங்கின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வேலிக்கு அழகும் வீட்டிற்குப் பாதுகாப்பும் ஒருங்கே அமையட்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இச்செடியை அடையாளம் காட்டிய பின்னரே கிழங்கை நடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.