மாமன்றச் சொற்களும் மக்கள் அதிகாரமும்

(உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மாமன்ற உறுப்பினன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். கட்சி ஆவணங்களையும் சங்கச் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவதே நெடுங்காலமாக என் பணி. நகராட்சி நடைமுறை பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: அதன் சொல் ஒன்றைப் பிழையாக மொழிபெயர்த்து, அதன் விளைவைக் கண்ணால் கண்டவன் நான்.

மகாராஷ்டிரத்தின் நகரம் ஒன்றில் தமிழ்த் தூய்மைப் பணியாளர்கள் வாழும் குடியிருப்பு. தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்ற முன்மொழிவை உறுப்பினர் ஒருவர் வழியாக மன்றத்திற்குக் கொண்டு சென்றனர். முடிவு மராத்தியில் வந்தது: 'தப்தரி தாகல்'. நாம் தமிழில் வழங்கும் 'தாக்கல்' என்பதும் அதே சொல்தான். மனுத் தாக்கல், மசோதா தாக்கல் என்றால் நமக்கு வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நினைவில், 'முன்மொழிவு அலுவலகத்தில் தாக்கல் ஆயிற்று' என்று எழுதிக் கொடுத்தேன். மக்கள் மகிழ்ந்தனர், மாதக்கணக்கில் காத்திருந்தனர். பிறகுதான் தெரிந்தது, மராத்திய நகராட்சி வழக்கில் அத்தொடருக்குக் கோப்பைக் கட்டி ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருள். 'மறுக்கிறோம்' என்ற சொல்லே இன்றி மறுத்துவிட்டார்கள். அன்றே தெரிந்திருந்தால் மறுநாளே அந்த மக்கள் தெருவில் இறங்கியிருப்பார்கள். அவர்களின் போராட்டத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது நான் எழுதிய ஒரு சொல்.

தோழர்களே, நடைமுறைச் சொற்கள் அலுவலர்களின் சொத்து என்று ஒதுங்கிவிட்டால், முடிவுகளும் அவர்களின் சொத்தாகிவிடும். இன்று நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

'அளிக்கலாம்' என்ற சொல்

அரசியலமைப்புச் சட்டத்திலிருந்தே தொடங்குவோம். 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிக்கு ஐந்தாண்டுக் காலம் உண்டு. அக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் வேண்டும். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். இவையெல்லாம் 'வேண்டும்' என்ற வினையோடு முடிகின்றன. ஆனால் நகராட்சிக்கு அதிகாரம் வழங்கும் 243-டபிள்யூ பிரிவு, மாநிலச் சட்டமன்றம் அதிகாரங்களை 'அளிக்கலாம்' என்றே சொல்கிறது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் அழகாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றில் எத்தனை உண்மையில் நகர மன்றத்தின் கைக்கு வரும் என்பதை அந்த 'லாம்' முடிவு செய்கிறது.

'வேண்டும்' என்று எழுதியதும் தானாக நிறைவேறிவிடாது. பெங்களூரு மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலும், மும்பை மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சிலும் முடிந்தன. மும்பையில் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இருக்கவில்லை. ஆணையரே 'நிர்வாகி' என்ற பெயரில் மன்றமாகவும் இருந்தார். திட்டத்தை முன்வைத்தவரும் அதற்கு ஒப்புதல் அளித்தவரும் ஒருவரே.

நகரை ஆள்பவர் யார்?

மேயர் நகரின் முதல் குடிமகன் என்கிறோம். மும்பையின் 1888-ஆம் ஆண்டுச் சட்டப்படி செயலதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் கூட்டத்திற்குத் தலைமை தாங்குபவர். காலனியாட்சி வகுத்த இந்த அமைப்பைப் பின்னர் வந்த பல மாநகராட்சிச் சட்டங்களும் பின்பற்றின. இதற்கு மாற்றாக, மேற்கு வங்க இடது முன்னணி ஆட்சியில் இயற்றப்பட்ட 1980-ஆம் ஆண்டுக் கொல்கத்தா மாநகராட்சிச் சட்டம் 'மேயர்-இன்-கவுன்சில்' என்னும் முறையைக் கொண்டுவந்தது. அமைச்சரவையைப் போல, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் குழு செயலதிகாரத்தைப் பெற்றது. ஆகவே உங்கள் மாநிலச் சட்டத்தில் முதலில் தேட வேண்டிய சொல் 'செயலதிகாரம்'. அது யார் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கூட்டத்திற்குள்

இனி, மன்றத்தில் அன்றாடம் காதில் விழும் சொற்கள். பொருள் நிரல் என்பது கூட்டத்திற்கு முன்னரே உறுப்பினர் கைக்கு வர வேண்டியது. படிக்கவும் மக்களைக் கலந்து பேசவும் அதுவே வாய்ப்பு. 'டேபிள் அஜெண்டா' என்பது கூட்டம் தொடங்கிய பின் மேசையில் வைக்கப்படும் அவசரப் பொருள். வெள்ளம், தொற்றுநோய் போன்றவற்றுக்காக ஏற்பட்ட வழி அது. குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் அந்த வழியில் வந்தால், 'இதில் அவசரம் என்ன?' என்று எழுந்து கேளுங்கள்.

'பின்னேற்பு' என்பது செலவு முடிந்த பின் கேட்கப்படும் ஒப்புதல். குறைவெண் என்பது கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை. குறைவெண் இன்றி ஒத்திவைத்த கூட்டம் மீண்டும் கூடும்போது குறைவெண் தேவையில்லை என்று சில சட்டங்கள் சொல்கின்றன. எனவே வெளிநடப்புச் செய்யும் முன் அந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள். நாம் வெளியே முழங்கும்போது உள்ளே தீர்மானம் நிறைவேறிவிடக் கூடாது.

குரல் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் ஏறாது. எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பில் ஏறும். வரி உயர்வை ஆதரித்தவர் யார் என்பதை வார்டு மக்கள் அறிய வேண்டுமானால் இரண்டாவதைக் கேளுங்கள். எதிர்ப்பை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் ஏறாத எதிர்ப்பு, நாளை வழக்குமன்றத்தில் எதிர்ப்பாகாது.

ஒரு சொல்லின் விலை

இவை நுணுக்க விவாதங்கள் என்று எண்ண வேண்டாம். டெல்லி மாமன்றம் 2023 தொடக்கத்தில் மூன்று முறை கூடியும் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. நியமன உறுப்பினர் 'உறுப்பினர்' என்பதால் வாக்களிக்கலாமா என்பதே சிக்கல். வாக்குரிமை இல்லை என்று பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் கூறிய பின்னரே தேர்தல் நடந்தது. சண்டிகரில் 2024 ஜனவரி 30 அன்று பதிவான 36 வாக்குகளில் எட்டினைத் தேர்தல் நடத்திய அலுவலர் 'செல்லாதவை' என்று அறிவித்தார். 20 வாக்கு பெற்றவர் தோற்று, 16 வாக்கு பெற்றவர் வென்றார். அந்தச் சீட்டுகளில் குறியிட்டுக் கெடுத்தவர் அந்த அலுவலரே என்று கண்ட உச்ச நீதிமன்றம், பிப்ரவரி 20 அன்று முடிவை மாற்றியது. கேமராப் பதிவு இருந்தது; வாக்குச் சீட்டுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஆவணம் இல்லாத இடத்தில் உண்மை தோற்றிருக்கும்.

தோழர்களே, உங்களிடம் மூன்று கோரிக்கைகள். மாநில நகராட்சிச் சட்டத்தையும் கூட்ட நடத்தை விதிகளையும் ஒவ்வொரு வார்டு கிளையிலும் வைத்திருங்கள். பொருள் நிரல் வந்ததும், நமக்கு வாக்களித்த தெருவில் அதை உரக்கப் படியுங்கள். கூட்டம் முடிந்ததும் முடிவை அதே தெருவில், அதே மக்களிடம், அவர்களின் மொழியில் சொல்லுங்கள். 'பதிவு செய்யப்பட்டது' என்றால் கிடைக்கவில்லை என்றும், 'ஒத்திவைக்கப்பட்டது' என்றால் மீண்டும் கேட்க வேண்டும் என்றும் விளக்குங்கள்.

அந்தக் குடியிருப்புக்குப் பின்னர் குழாய் வந்தது. கொண்டுவந்தது மக்களின் மறியல், என் தமிழாக்கம் அன்று. ஆயினும் மறியலுக்கு முதல்நாள் ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “இந்தத் தடவை என்ன எழுதியிருக்காங்கன்னு சரியாப் பாத்துச் சொல்லுப்பா.” அந்தக் குரலை மறவாமல்தான் இன்றும் ஒவ்வொரு சொல்லையும் எடை போடுகிறேன். நீங்களும் எடை போடுங்கள்.