விளம்பர வேகமும் வீட்டு வேகமும்

“வரை” என்பது சின்னஞ்சிறு சொல். பிரித்தானியாவிலே இணைய இணைப்பு விற்கும் கம்பனிகள் பல ஆண்டுகளாக இச்சொல்லின் நிழலிலேயே வாணிகம் நடத்தி வந்தன. “விநாடிக்கு 24 மெகாபிட் வரை” என்று விளம்பரம் பறைசாற்றும். 24 என்னும் இலக்கம் கொட்டை எழுத்தில் நிற்கும். “வரை” ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். அதனைப் பொய்யென்று வழக்காடவும் இயலாது. எங்கோ ஒரு வீட்டுக்கு அந்த வேகம் கிட்டத்தானே செய்கிறது!

அந்த வீடு எது என்பதிலேதான் சூட்சுமம் அடங்கியுள்ளது. தொலைபேசிக்கென இடப்பட்ட செப்புக் கம்பி வழியே இணையம் வரும்போது, பரிமாற்று நிலையத்தின் அயலிலுள்ள வீட்டுக்குச் சமிக்ஞை வலுவோடு வந்து சேரும். கம்பி நீள நீள அது தேய்ந்துகொண்டே போகும். நாலைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஓரிரு மெகாபிட் கிடைத்தாலே பெரிது. இரு வீட்டாரும் செலுத்தும் கட்டணமோ ஒன்றே. இரவு எட்டு மணியாயின் வேறொரு தொல்லை தலைகாட்டும். ஊரார் அனைவரும் ஒரே வேளையிற் படம் பார்க்க அமர்கின்றனர். திருவிழா முடிந்து கலையும் கூட்டம் ஒரே ஒழுங்கையால் வெளியேற முயல்வது போல, தரவுகள் நெருக்குண்டு தவிக்கின்றன.

இக்குறை எவ்வளவென அளந்தறிய முற்பட்டது, ஒஃப்கொம் எனப்படும் பிரித்தானியத் தொடர்பாடல் ஒழுங்குமுறை அலுவலகம். விருப்பத்துடன் முன்வந்தோரின் வீடுகளிற் சிறு கருவிகளைப் பொருத்தி, இரவும் பகலும் வேகத்தைப் பதிவு செய்வித்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்து அளவீட்டின்படி, விளம்பரங்கள் கூறிய வேகத்தின் சராசரி 11.5 மெகாபிட்; வீடுகளுக்குக் கிடைத்ததன் சராசரி 5.2 மெகாபிட். ஒரு கிலோ சீனிக்குப் பணம் பெற்றுக்கொண்டு அரைக் கிலோவுக்கும் குறைய நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரனை ஊர் சும்மா விடுமா? இணையக் கடையிலோ தராசு வாடிக்கையாளரின் கண்ணிற் படுவதில்லை.

விளம்பர விதிகளை வகுக்கும் குழு 2012 ஏப்ரலில் ஒரு வரம்பு கட்டியது. வாடிக்கையாளருள் 10 வீதமானோருக்கேனும் கிட்டும் வேகத்தையே விளம்பரஞ் செய்யலாம் என்றது. எஞ்சிய 90 வீதத்தினரின் கதி யாது என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆறு ஆண்டுகள் அவ்விதியே நின்று நிலவியது. 2018 மே 23இலிருந்துதான், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நெருக்கடி வேளையிலே பாதிப்பேருக்கேனும் கிட்டும் வேகத்தைச் “சராசரி” எனக் கூறவேண்டும் என்னும் விதி வந்தது. அதுகாறும் “17 வரை” என்று விளம்பரமான செப்புக் கம்பி இணைப்புகள், அதன்பின் 10 என்றும் 11 என்றும் விளம்பரமாயின. கம்பியும் மாறவில்லை, நிலையமும் மாறவில்லை. சொல்லொன்று போனவுடன் ஆறேழு மெகாபிட் மறைந்துவிட்டது!

எனினும் பாதிப்பேருக்குக் கிட்டும் வேகம் மறுபாதியினருக்கு உறுதியன்று. ஆதலால் விளம்பர விதியைவிடப் பயன் மிக்கது, 2019 மார்ச்சில் திருத்தியமைக்கப்பட்ட ஒஃப்கொமின் நடைமுறைக் கோவையே எனலாம். அதன்படி, ஒருவர் இணைப்பு வாங்குமுன்னரே, அவருடைய வீட்டுக்கென உறுதியளிக்கப்படும் ஆகக் குறைந்த வேகத்தைக் கம்பனி அறிவித்தல் வேண்டும். வேகம் அதனினும் தாழ்ந்தால், திருத்துவதற்கு 30 நாள் அவகாசம். திருத்த இயலாவிடின் வாடிக்கையாளர் அபராதமின்றி ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். ஆயினும் கம்பனிகள் தாமாக விரும்பி ஏற்கும் கோவை இது; ஏற்காத கம்பனியைக் கட்டுப்படுத்தாது.

முறைப்பாடு செய்ய முனைவோர் சுவர்களைக் கடந்து வரும் வைஃபையை நம்பி வேகத்தை அளத்தல் தகாது. கணினியைக் கம்பியாலே நேரே இணைத்து, காலையும் இரவுமாகச் சில நாட்கள் அளந்து, திகதியும் நேரமும் குறித்து வைத்தல் நன்று. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். 40 மெகாபிட் இணைப்பிலே கோப்பொன்று விநாடிக்கு 5 மெகாபைட் வீதம் இறங்கினால் அதிற் குறையொன்றுமில்லை.

2019 ஏப்ரலில் தன்னியக்க நட்டஈட்டுத் திட்டமொன்றும் தொடங்கியது. அறிவித்த பின் முழுமையாக இரு வேலை நாட்கள் கழிந்தும் திருத்தப்படாத இணைப்புக்கு நாளொன்றுக்கு 8 பவுண், வருவதாகக் கூறித் திருத்துநர் வாராது போனால் 25 பவுண் என அந்நாளில் விதிக்கப்பட்டது. இவை அற்றுப்போன இணைப்புக்கும் தவறிய வருகைக்குமே உரியன. ஊர்ந்து செல்லும் இணைப்புக்கு ஈடு எதுவும் இல்லை. அதற்குரிய மருந்து விலகிச் செல்லும் உரிமை ஒன்றே. ஒரே கம்பி மாத்திரம் எட்டும் குக்கிராமத்தார் விலகி எங்கே செல்வது? அத்தகையோர் 10 மெகாபிட் வேகத்தைக் கேட்டுப் பெறுவதற்கு 2020 மார்ச் 20 முதல் சட்டம் வழிவகுத்தது. ஆனால் கம்பியிடும் செலவு வீடொன்றுக்கு 3,400 பவுணைத் தாண்டினால், மிகுதியை வீட்டுக்காரரே செலுத்துதல் வேண்டும்.